அதிமனிதரும் நகைச்சுவையும்

சித்திரக்கதை என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுழிக்கும் இலக்கியவாதிகள் நம்மிடையே பலர் உளர். அதிலும் அதிமனிதர் கதை என்றால் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே அணியவேண்டியதை வெளியே அணிந்து, தோளிலே போர்வை பறக்க வானத்தில் நீந்தும் ஒருவனுக்கும் கலைக்கும் என்ன உறவு என்பது அவர்தம் கேள்வி. மற்றொரு சாரார், இவை வெறும் பொழுதுபோக்கு, பொழுதுபோக்கிலே தரம் பார்ப்பது வீண் வேலை என்பர். முதற் சாரார் இவற்றை நஞ்சு என்கின்றனர். மறுசாரார் மிட்டாய் என்கின்றனர். ஆனால் இருசாராரும் ஒன்றிலே உடன்படுகின்றனர். இவற்றைப் படித்து, பார்த்து, நல்லது எது, தீயது எது என்று பிரித்துக் கூறும் பொறுப்பு தமக்கு இல்லை என்பதே அது.

இந்த நழுவலை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. மனித உழைப்பால் ஆக்கப்பட்டு, கோடிக்கணக்கான மக்களின் உள்ளத்திலே இடம்பெறும் எதுவும் திறனாய்வுக்கு உரியதே. 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் மலிவான சிறுவர் ஏடுகளிலே பிறந்த அதிமனிதர், வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் எனப் பரவி இன்று உலகின் எந்த மூலையிலும் அறிமுகமானவராய் உள்ளனர். அவர்தம் கதைகளுள் உயர்ந்தவையும் உள; குப்பையும் உளது. இரண்டையும் பிரித்தறிவதற்கான அளவுகோலை அக்கதைகளின் நகைச்சுவையிலே தேடலாம் என்பது எனது கருத்து.

நகைச்சுவையிலே தேடுவானேன்? அதிமனிதன் எல்லா ஆற்றலும் படைத்தவன். குண்டு துளைக்காத உடலுக்கு அவலம் இல்லை. தோல்வியறியாதவனின் வீரமும் பெரிய வீரமன்று. அத்தகையவனை மனிதர் நடுவே நிறுத்தும்போது எழும் சிரிப்பின் வழியேதான் மனிதத்தன்மை கதைக்குள் நுழைகிறது. மெய்ப்பாடுகளைக் கூறவந்த தொல்காப்பியர் நகையை முதலிலே வைத்து, அது பிறக்குமிடம் நான்கு என வகுத்தார். எள்ளலும் இளமையும் பேதைமையும் மடமையும் அவை. இந்நான்கனுள் எள்ளலைப் பற்றி ஒரு கேள்வி எப்பொழுதும் எஞ்சி நிற்கிறது. யார் யாரை எள்ளுகின்றார்? வலியவனை எளியவன் எள்ளுவதும் எளியவனை வலியவன் எள்ளுவதும் ஒரே சிரிப்பு ஆகா. அதிமனிதர் கதைகளின் தரம் ஏறுவதும் இறங்குவதும் பெரிதும் இக்கேள்வியைப் பொறுத்தே அமைகின்றது.

முதல் அதிமனிதனாகிய சுப்பர்மனையே எடுத்துக்கொள்வோம். கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரு யூத இளைஞர் அவனைப் படைத்தனர். பொருளாதாரப் பெருமந்தத்தின் கொடுமையைக் கண்ணாற் கண்ட தலைமுறையினர் அவர்கள். 1938இல் வெளிவந்த தொடக்ககாலக் கதையொன்றிலே சுப்பர்மன் சுரங்கத் தொழிலாளியாக வேடமிடுகிறான். பாதுகாப்பற்ற சுரங்கத்திலே தொழிலாளர் ஆபத்துக்குள்ளாக, அதன் முதலாளியோ கவலையற்று விருந்து நடத்துகிறான். விருந்தினரோடு அவன் வேடிக்கையாகச் சுரங்கத்தினுள் இறங்கிய வேளையிலே சுப்பர்மன் வழியை அடைத்துவிடுகிறான். பட்டாடையும் விருந்துடையும் அணிந்த சீமான்களும் சீமாட்டிகளும் கருவி ஏந்தி மண்ணைத் தோண்டவேண்டியதாகிறது. அபாய அறிவிப்புக் கருவி பழுதுபட்டுக் கிடப்பதை முதலாளி அப்பொழுதுதான் அறிகிறான். இங்கே நாம் சிரிக்கிறோம். அச்சிரிப்புக்குப் பொருள் உண்டு. பறக்கும் மனிதனைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. உழைப்பறியாத கைகளிலே கருவி ஏறியதைக் கண்டு சிரிக்கிறோம்.

இக்கதையைப் படைத்தவர்களின் கதையிலே மட்டும் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. சுப்பர்மனின் முழு உரிமையும் முதற்கதையோடு சேர்த்து 130 டொலருக்குக் கைமாறியது. பின்னர் உரிமை கேட்டு வழக்காடிய இருவரும் வேலையை இழந்தனர். அவர்தம் பெயரும் ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டது. பெருஞ்செலவிலே சுப்பர்மன் திரைப்படம் தயாராகிய காலத்தில், சக ஓவியர்கள் எழுப்பிய கண்டனக் குரலின் பின்னர், 1975இல் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும் பெயர் குறிப்பிடும் உரிமையும் கிடைத்தன. முதலாளியைச் சுரங்கத்தில் அடைத்த கற்பனை, தன்னைப் படைத்தவர்களை முதலாளியிடமிருந்து காக்கவில்லை. சுப்பர்மனும் காலப்போக்கிலே சுரங்கங்களை மறந்து, உள்ள ஒழுங்கின் காவலனாக மாறினான். அவனது கதையிலிருந்து கூர்மையான சிரிப்பு விடைபெற்றது அப்பொழுதுதான் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்துப் பேதைமையிலிருந்து பிறக்கும் நகையை நோக்குவோம். 1940இல் தோன்றிய கப்டன் மார்வல், பில்லி பற்சன் என்னும் அநாதைச் சிறுவன் ஒரு மந்திரச் சொல்லைக் கூறியவுடன் அடையும் வடிவம். உடல் பெரியவனுடையது, உள்ளம் சிறுவனுடையது. சி. சி. பெக் என்னும் ஓவியர் சில எளிய கோடுகளிலே அவனுக்கு உயிரூட்டினார். உலகமே அஞ்சும் கொடியோர் சங்கமொன்றின் தலைவன் யார் என்று வாசகர் பல இதழ்களாகக் காத்திருந்தனர். ஈற்றிலே வெளிப்பட்டது கண்ணாடி அணிந்த ஒரு சிறு புழு! இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளிலே, ஒலிபெருக்கியின் முழக்கத்தால் உலகை நடுங்கவைத்த ஒரு குரலுக்குப் பின்னால் இருப்பது புழுவே என்று சிறுவருக்குக் காட்டிய அக்கற்பனையைச் சாதாரணமாகக் கொள்ள முடியாது.

ஆயினும் அதே ஏடுகளிலே இழிந்த நகைப்பும் இருந்தது. கப்டன் மார்வல் கதைகளிலே இடம்பெற்ற கறுப்பின வேலையாள் ஒருவன், தடித்த உதடும் கொச்சைப் பேச்சுமாக, இனவெறி வகுத்த அச்சிலே வார்க்கப்பட்டிருந்தான். அவன் தோன்றினாற் சிரிக்கவேண்டும் என்பது எழுதாத விதி. 1945இல் நியூயோர்க் மாணவர் சிலர் பதிப்பகத்தாரை நேரிற் கண்டு தமது எதிர்ப்பைத் தெரிவித்தனர். அப்பாத்திரம் கைவிடப்பட்டது. திறனாய்வாளர் எவரும் செய்யாத பணியைப் பாடசாலைப் பிள்ளைகள் செய்தனர். ஒரே தொடர், ஒரே கலைஞர் குழு. கொடுங்கோலனைப் புழுவாக்கிய சிரிப்பு கலையாயிற்று. ஒடுக்கப்பட்டவனைக் கோமாளியாக்கிய சிரிப்பு கறையாயிற்று. தரவேறுபாடு திறமையிலே மட்டும் தங்கியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

கப்டன் மார்வலின் முடிவும் ஒரு விதத்திலே நகைப்புக்கிடமானது. சுப்பர்மனின் உரிமையாளர் அவனைத் தம் நாயகனின் நகல் எனக் கூறி வழக்குத் தொடுத்தனர். பல்லாண்டு நீடித்த வழக்கின் பின் 1953இல் கப்டன் மார்வல் ஏடுகள் நிறுத்தப்பட்டன. இருபதாண்டு கழிந்ததும், அவனைப் பதிப்பிக்கும் உரிமையை வாங்கி மீண்டும் வெளியிட்டவர்கள் அவன்மீது வழக்குத் தொடுத்த அதே நிறுவனத்தார்தாம்! ஒழிக்கவேண்டிய நகலாக இருந்தவன், தமது பண்டமாக ஆனவுடன் விற்கத்தக்கவனாகிவிட்டான்.

இந்த வேடிக்கையை உடனுக்குடன் கண்டு சிரித்தவர் ஒருவர் உண்டு. அவர் ‘மாட்’ என்னும் ஏட்டின் ஆசிரியர் ஹார்வி கேர்ட்ஸ்மன். 1953இல் அவர் எழுத, வொலி வுட் வரைந்த ‘சுப்பர்டூப்பர்மன்’ என்னும் சிறு கதை, அதிமனிதர் பற்றிய முதற்றரமான திறனாய்வு என்று சொல்லத்தக்கது. அதிலே கப்டன் மார்வலைப் போன்ற ஒருவன், நன்மை செய்வதை விட்டுப் பணத்தைத் தேடுகிறான். சுப்பர்மனைப் போன்ற மற்றவன் அவனோடு மோதுகிறான். இரு நிறுவனங்களின் வழக்கு ஈண்டுக் குத்துச்சண்டையாகிறது. இறுதியிலே, தான் யாரென்பதை வெளிப்படுத்தினாற் காதலி மயங்குவாள் என நம்பும் நாயகனை அவள் மீண்டும் அலட்சியமாக ஒதுக்கிச் செல்கிறாள். அற்பன் வானத்திலே பறந்தாலும் அற்பனே என்ற உண்மையை எட்டுப் பக்கங்களிலே அக்கதை கூறிவிட்டது.

அடுத்த ஆண்டே இத்தகைய சிரிப்புக்குத் தடை வந்தது. இங்கே முற்போக்காளராகிய நாம் நம்மையே நோக்க வேண்டியுள்ளது. 1954இல் உளமருத்துவர் பிரெட்ரிக் வேர்த்தம், சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன எனக் கூறும் நூலொன்றை வெளியிட்டார். அவர் பிற்போக்குவாதி அல்லர். கறுப்பின மக்கள் வாழும் ஹார்லத்தில், மார்க்ஸின் மருமகனாகிய லபார்க்கின் பெயரால் ஏழைகளுக்கு மருத்துவ நிலையம் நடத்தியவர். பிரித்தானியாவிலும் அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்கு எதிரான இயக்கத்திலே கம்யூனிஸ்டுகள் முன்னின்றனர். 1955இல் அங்கே சட்டமும் பிறந்தது. கொடூரத்தையும் இனவெறியையும் எதிர்த்த அவர்தம் நோக்கிலே குறைகாண முடியாது. ஆனால் விளைந்தது என்ன? வேர்த்தம் கேட்டது சிறுவருக்கு விற்பதற்கான கட்டுப்பாடு. கிடைத்ததோ பதிப்பாளர் தாமே கூடி வகுத்துக்கொண்ட ஒழுக்கக்கோவை. காவற்றுறையினர், நீதிபதிகள், அரச அலுவலர் ஆகியோர்பால் மதிப்புக் குறையும் வகையில் எதையும் சித்திரிக்கலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அதிகாரத்தை எள்ளுவது குற்றமாயிற்று. நஞ்சை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் நஞ்சுமுறிவை ஒழிப்பதற்குத் தம்மை அறியாமல் உதவினர். ‘மாட்’ மட்டும் 1955இல் சஞ்சிகை வடிவத்துக்கு மாறி அக்கோவையின் பிடியிலிருந்து தப்பிற்று. நல்லதும் தீயதும் பிரித்தறியாத கண்டனம் எவ்விடத்திற் சென்று முடியும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஒழுக்கக்கோவைக்குப் பிந்திய ஆண்டுகளிலே நகைச்சுவை முற்றாக மறையவில்லை, பொருளை இழந்தது. பற்மன் நாளொரு வண்ண உடை அணிந்தான்; வேற்றுலகக் குறும்பனோடு விளையாடினான். சிரிப்பு இருந்தது, எதைப் பார்த்துச் சிரிப்பது என்பது இல்லை. இந்த வெறுமையைத் தன் கருவாகவே கொண்டு 1966 சனவரியிலே பற்மன் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அடம் வெஸ்ட் என்னும் நடிகர் முகத்திலே சிறு முறுவலுமின்றி அபத்தமான அறவுரைகளைக் கூறக்கூற, சிறுவர் வீரத்தைக் கண்டனர். பெரியோர் கேலியைக் கண்டனர். அவ்வாண்டு வெளியான திரைப்படத்திலே பற்மன் வெடிகுண்டு ஒன்றை ஏந்திக்கொண்டு துறைமுகமெங்கும் ஓடுகிறான். ஒரு புறம் கன்னியாஸ்திரிகள்; மறுபுறம் குழந்தையோடு தாய்; வேறொரு புறம் காதலர்; நீரிலே வாத்துக் குஞ்சுகள். குண்டை எறிய இடமில்லை. அணுகுண்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு உலகம் விழித்த காலத்திலே இதனைவிடப் பொருத்தமான கேலி எது? அதே படத்தில், முகவரியை முழுமையாகக் கேட்டுக்கொள்ளாமலே கடற்படை அதிகாரி ஒருவர் நீர்மூழ்கிக் கப்பலொன்றைக் கொள்ளையனுக்கு விற்றுவிடுகிறார். உலகநாடுகளின் பிரதிநிதிகள் உலர்த்தித் தூளாக்கப்பட்டு, மீண்டும் உயிர்பெற்றதும், விட்ட இடத்திலிருந்து சச்சரவைத் தொடர்கின்றனர். ஆனால் ஒருவரின் மொழியை மற்றவர் பேசுகின்றார். அம்மாற்றத்தை அவர்களுள் எவரும் கவனிக்கவில்லை!

இத்தொடரை அற்பமென ஒதுக்கியோர் அதன் சிறந்த பகுதிகளைக் காணவில்லை. அதனைத் தலையிற் வைத்துக் கொண்டாடுவோரும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. 120 பகுதிகள் ஓடி 1968இல் முடிந்த அத்தொடர், வெற்றிகண்ட வாய்பாட்டையே திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தது. அதன் எள்ளல் அதிகாரிகளைத் தொட்டது. நாயகனின் பெருஞ்செல்வத்தைப் பெரும்பாலும் தொடவில்லை. அதன் எல்லை அதுவே.

இளமையும் வறுமையும் கலந்த நகைக்கு ஸ்பைடர்மன் உதாரணம். ஸ்ரான் லீயும் ஸ்ரீவ் டிற்கோவும் 1962இல் படைத்த பீற்றர் பார்க்கர், சின்னம்மாவோடு வாழும் அநாதை மாணவன். தன்னைத் தானே படம்பிடித்து ஒரு பத்திரிகை முதலாளிக்கு விற்கிறான். அம்முதலாளி அப்படங்களைக் கொண்டே ஸ்பைடர்மனைச் சமூகவிரோதி எனத் தூற்றுகிறான். தன் உழைப்பின் பயன் தனக்கெதிராகவே திரும்புவதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் இந்த முரணை விளங்கிக்கொள்வான். சண்டையிடும்போது அவன் உதிர்க்கும் கேலிப்பேச்சும் அஞ்சும் இளைஞன் தன் அச்சத்தை மறைக்கப் பேசும் பேச்சே. சாம் ரைமி 2004இல் இயக்கிய இரண்டாவது திரைப்படம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. பீட்சாவை நேரத்துக்குக் கொண்டு சேர்க்க முடியாமல் அவன் வேலை இழக்கிறான். அவனது வீர உடையின் சாயம் சலவை இயந்திரத்திலே மற்ற உடுப்புகளில் ஊறிவிடுகிறது. ஆற்றல் கைவிட்ட நேரத்தில் மின்தூக்கியிலே ஓர் அந்நியனுக்கருகே வீர உடையோடு நின்று, அது கடிக்கிறது என்று கூச்சத்தோடு பேசுகிறான். இவற்றைக் கண்டு சிரித்தவர்களே, பின்னர் ஓடும் ரயிலை நிறுத்தி மயங்கி வீழும் அவனைச் சாதாரணப் பயணிகள் கைமாற்றிக் கைமாற்றித் தாங்கும் காட்சியிலே கண்கலங்கினர். முன்னைய சிரிப்பு இல்லையேல் பின்னைய கண்ணீரும் இல்லை.

1986இல் அலன் மூரும் டேவ் கிபன்சும் தொடங்கிய ‘வொச்மன்’ நகைப்புக்கு மறுபக்கமும் உண்டு எனக் காட்டிற்று. அதிலே கொலையுண்டு கிடப்பவன் ‘கோமாளி’ எனப் பெயர்கொண்டவன். வியட்நாமிலே அரசுக்காகக் கொலை புரிந்த கூலியாள். சிரிக்கும் முகம் தீட்டிய அவனது மஞ்சட் சின்னத்திலே ஒரு துளி இரத்தம். அதிகாரத்தின் சிரிப்பு எத்தகையது என்பதை அவ்வொரு துளி சொல்லும். அந்நூலைப் படித்த பலர், இருளும் கொடூரமும் இருந்தாற் கதை உயர்ந்துவிடும் எனத் தவறாக எண்ணினர். முகத்தை உம்மென்று வைத்திருப்பது ஆழத்துக்கு அடையாளமன்று.

இத்தவறும் அதற்கு எதிரான தவறும் ஒருங்கே சேர்ந்த படைப்பு, 2017இல் வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ திரைப்படம். சக் ஸ்னைடர் இருண்ட முறையிலே எடுத்துக்கொண்டிருந்த அப்படத்தை, குடும்பத் துயரின் காரணமாக அவர் விலகியபின், ஜோஸ் வீடன் முடித்தார். நிறுவனத்தாருக்கு வேண்டியிருந்தவை இரண்டு: இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாத நீளமும் கூடுதலான சிரிப்பும். புதிய காட்சிகளுக்கு வந்த சுப்பர்மன் நடிகர், வேறொரு படத்துக்காக வளர்த்த மீசையை எடுக்க முடியாத நிலை. மீசையைக் கணினியால் அழித்தபோது மேலுதடு விகாரமாயிற்று. ஏவலுக்கு எழுதப்பட்ட நகைச்சுவைகளுக்கு எவரும் சிரிக்கவில்லை; அந்த உதட்டைக் கண்டு உலகம் சிரித்தது. சிரிப்பை உப்பைப் போல மேலே தூவலாம் என எண்ணிய வணிகத்துக்குக் கிடைத்த தண்டனை அது.

இறுதியாக, ஒரே இயக்குநரின் இரு படங்களை ஒப்புநோக்குவோம். மாவோரி வழிவந்த தைகா வைத்தீத்தி 2017இல் ‘தோர்: ரக்னரொக்’ படத்தை எடுத்தார். தேவர்நகரின் கூரையோவியத்திலே அமைதியும் அருளும் விளங்குகின்றன. அரசனின் மூத்த மகள் அதனை உடைத்ததும் உள்ளே மறைந்திருந்த பழைய ஓவியம் வெளிப்படுகிறது. அதிலே போரும் கொள்ளையும். பொன்மாளிகை எழுந்தது அவற்றால். வேறோர் உலகத்தை ஆளும் சர்வாதிகாரிக்கு அடிமை என்ற சொல் பிடிப்பதில்லை. தொழில் உள்ள கைதிகள் என்று சொன்னால் அவன் மனம் ஆறுகிறது! அங்கே புரட்சி செய்ய முயன்ற ஒருவன், துண்டுப்பிரசுரம் போதியளவு அச்சிடாமையாலே தோற்றதாக வருந்துகிறான். நம்மவர் பலர் இதனைக் கேட்டுச் சற்றுக் கூச்சத்தோடு சிரிப்பர், சிரிக்கவும் வேண்டும். இப்படம் பெருநிறுவனமொன்றின் பண்டம் என்பதை நான் மறக்கவில்லை. மாவெல் நிறுவனத்தை டிஸ்னி 2009இலேயே வாங்கிவிட்டது. எனினும் பண்டத்தினுள்ளும் உண்மை ஒளிந்து வரக்கூடும். அதனை இனங்காண்பதே நமது பணி.

2022இல் அதே இயக்குநர் எடுத்த ‘தோர்: லவ் அன்ட் தண்டர்’ வேறுவிதமாயிற்று. அதன் தொடக்கம் மிகச் சிறந்தது. வறட்சியிலே மகளைப் பறிகொடுத்த ஏழையொருவன் தான் தொழுத தெய்வத்தைக் காண்கிறான். அத்தெய்வம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. வலியவனின் சிரிப்பு அது. அதன்பின் அவன் எழுப்பும் கேள்வி, தம்மை வணங்குவோரைக் காவாத தெய்வங்கள் எதற்கு என்பது. படமோ அக்கேள்விக்கு முகங்கொடுக்க அஞ்சி, அலறும் ஆடுகளைக் காட்டி நம்மைத் திசைதிருப்புகிறது. புற்றுநோயுற்ற பெண்ணின் துயரத்தையும் ஒரு வேடிக்கைக்கும் மறு வேடிக்கைக்கும் இடையிலே அவசரமாகச் செருகுகிறது. முதற்படத்திலே சிரிப்பு திரையை விலக்கிற்று; இரண்டாவதிலே திரையை இழுத்து மூடிற்று. இயக்குநரின் திறமை ஐந்தாண்டிலே வற்றிவிடவில்லை. சிரிப்பின் திசை மாறிவிட்டது.

நமது கூத்துகளிலே அரசன் கொலுவிருக்கும்போது கோமாளியும் அரங்கிலே நிற்பான். அவன் வாய்ச்சொல்லுக்கு ஊர் சிரிப்பது அவன் அரசனைப் பற்றிப் பேசுவதாலேயே. அவன் அரசனின் ஆளாகி ஊரை எள்ளத் தொடங்கினால் கூத்து அன்றோடு முடிந்தது. அதிமனிதர் கதைகளுக்கும் விதி இதுவே. அவற்றை மொத்தமாகத் தடைசெய் என்பதும், மொத்தமாக விட்டுவிடு என்பதும் சோம்பலின் இரு முகங்கள். நம் பிள்ளைகள் திரையின் முன்னிருந்து சிரிக்கும்போது நாமும் பக்கத்தில் அமர்வோம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று அவர்களைக் கேட்போம். 1945இல் நியூயோர்க் மாணவர்கள் தாமாகவே கேட்ட கேள்வி அது. நம் பிள்ளைகளும் கேட்கக் கற்றுக்கொள்வர்.